பஞ்சு என்னும் சொல்லும் காரின் உள்காற்றும்

தேனியில் நான் பணியாற்றிய கார்ப் பணிமனையில் இன்று என் நாற்காலியில் இருப்பவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். "சார், அந்தக் கோம்பைத் தலகாணி விவகாரத்தை நீங்களே எழுதிக் குடுத்துருங்க. ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறாக. புருசனே பொண்டாட்டியக் கொல்லப் பாத்தாருங்கிற வரைக்கும் போயிருச்சு," என்றார். யாரோ ஒருவர் சொன்ன வடிவத்தில் காருக்குள்ளிருந்து பாம்பும் வந்ததாம்.

ஆகவே இக்கட்டுரையில் நான் கண்டதும், கேட்டதும், அன்று உடனிருந்தவர்களிடம் உறுதி செய்துகொண்டதும் மட்டுமே இடம்பெறும். எழுதி முடித்தபின் என் மேலாளராக இருந்த வர்க்கீஸுக்கும், மெக்கானிக் சுருளிக்கும் படித்துக் காட்டினேன். அவர்கள் ஒப்பாத வரிகளை நீக்கிவிட்டேன். சம்பந்தப்பட்ட கணவன் மனைவியின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பாம்பு இல்லை.

தமிழ் முறையாகப் பயின்றவன் நான். மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகம் மூடப்பட்டதால் தொண்ணூற்றாறில் தேனிக்கு வந்து, வண்டிகளை வரவேற்று வாடிக்கையாளர் சொல்லும் குறைகளை எழுதிக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். எழுத்துப் பிழையை விட்டு வண்டிப் பிழைக்கு மாறினேன். முதலிரண்டு ஆண்டுகளில் ஸ்பானர் எது, ஜாக்கி எது என்பதைக் கற்றேன் என்பதற்குமேல் அக்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வர்க்கீஸ் என்னைவிடப் பல ஆண்டுகள் இளையவர். குமுளிக்கு அப்பால் பிறந்தவர். அவருடைய தமிழில் மலையாளம் ஒரு சிட்டிகை கலந்திருக்கும். ‘உறுதி’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர் ‘தீர்ச்ச’ என்பார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து முதலில் வருவது "தீர்ச்சயா?" என்ற கேள்விதான். தீர்வு, தீர்ப்பு என்னும் நம் சொற்களுக்கு உடன்பிறந்த சொல் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. மெக்கானிக்குகளுக்கு மட்டும் உறுத்தியது. "ஏலே, டீ வந்துருச்சு." "தீர்ச்சயா?" என்று அவர் காதுபடவே கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீயை எடுத்துக்கொள்வார்.

காருக்குள் துர்நாற்றம், குளிர்காற்று போதவில்லை என்று யாரேனும் வந்தால் அவர் செய்யும் முறை எப்போதும் ஒன்றே. வாடிக்கையாளரிடம் எதையும் கேட்பதற்கு முன் காரில் ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொள்வார். ஓட்டுநர் இருக்கையில் அமர மாட்டார். குறை சொன்னவர் எந்த இருக்கையில் அமர்கிறாரோ அதில்தான் அமர்வார். விசிறியை முதல் நிலையில் வைப்பார். பிறகு ஒவ்வொரு நிலையாகக் கூட்டுவார். வெளிக்காற்று உள்ளே வரும்படி ஒரு முறை, உள்காற்றே சுழலும்படி ஒரு முறை. கண்களை மூடியிருப்பார். இறங்கி வந்தபின்தான் கேள்விகள்: எப்போது, எங்கே, யாருக்கு? ‘என்ன’ என்ற கேள்வி கடைசியில்தான் வரும். ‘ஏன்’ என்பதை அவர் வாடிக்கையாளரிடம் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம் என்பார்.

இங்கே பொருளைச் சற்று விளக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிக்க ஒரு பில்டர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். காருக்குள் அமர்ந்திருக்கும் மனிதருக்குப் போகும் காற்றை வடிக்க இன்னொன்று உண்டு என்பது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்கள் பக்கம் மெல்லப் பரவியது. நெய்யப்படாத ஒரு வகைத் துணியை மடிப்பு மடிப்பாக மடித்துச் செய்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு இருக்கும். பல கார்களில் இடப்பக்க முன்னிருக்கைக்கு எதிரே, முழங்காலுக்கு நேராகக் காகிதம் வைக்கும் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விலை குறைந்த வகைக் கார்களில் அதற்கான இடம் இருக்கும், மூடி இருக்கும், உள்ளே வடிகட்டி இருக்காது.

இந்தக் கடைசிச் செய்தியால் ஒரு முறை திருடர் பட்டமும் பெற்றோம். உத்தமபாளையத்து வழக்கறிஞர் ஒருவர் தம் வீட்டு வாசலில் தாமே மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே வெறுமை. நேரே வந்து நின்றார். "போன தடவை வண்டியைக் குடுத்தப்ப இருந்துச்சு. இப்ப இல்ல. எங்க போச்சு?" வர்க்கீஸ், "இருந்ததைப் பார்த்தீங்களா? தீர்ச்சயா?" என்று கேட்டுவிட்டு, அதே வகையில் அன்று வந்திறங்கியிருந்த புதிய கார் ஒன்றின் மூடியைத் திறந்து காட்டினார். அதிலும் வெறுமை. வழக்கறிஞர் சிறிது நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இல்லாததைத் திருடுனாகன்னு கேஸ் போட முடியாது, அப்படித்தான?" என்று சிரித்துவிட்டு ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு போனார்.

இனி, கேட்கப்பட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை அது. கோம்பையில் மலையடிவாரத்து இலவந்தோப்பு ஒன்றின் உரிமையாளர்களான வேலுச்சாமியும் அவர் மனைவி முத்துலட்சுமியும் காரில் வந்தார்கள். பங்குனியில் இலவ நெற்று வெடிக்கும். சித்திரை முழுதும் நெற்றை உடைத்துப் பஞ்சைப் பிரிக்கும் வேலை நடக்கும். அந்த வேலை நடக்கும் காலம் அது. வேலுச்சாமியின் சட்டைத் தோளில்கூட வெள்ளை இழை ஒன்று ஒட்டியிருந்தது.

வேலுச்சாமிக்கு இறங்கவே மனமில்லை. "சார், வண்டியில ஒரு குறையும் இல்ல. இவ பிடிவாதம். அஞ்சு நிமிசம் பாத்துட்டு விட்டுருங்க. நாளைக்கு ஆளு வருது," என்றார்.

"என்ன ஆளு?" என்று நான் கேட்டதற்கு முத்துலட்சுமி பதில் சொன்னார்: "தோப்பை வாங்குற ஆளு. அது எங்கப்பா எனக்குக் குடுத்த தோப்பு, அண்ணே. கையெழுத்து நான்தான் போடணும். போடுறதுக்கு முன்னாடி இந்த வண்டியை ஒரு தடவை யாராச்சும் பாத்துச் சொல்லணும். அப்புறம் என்ன சொன்னாலும் போட்டுர்றேன்."

அவர் விட்டுவிட்டுப் பேசினார். மூச்சு இழுக்கும்போது மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. சில வாரங்களாக நெஞ்சு அடைக்கிறது; தேனியில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். இலவம் பஞ்சுத் தூசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பஞ்சை விட்டு விலகி இருந்து பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தோப்பை விற்றுவிடுவது என்று வேலுச்சாமி முடிவு செய்தது அதனால்தான். அவருக்குப் பணத்தாசை ஏதுமில்லை. "தோப்பு போனாப் போகட்டும் சார். இவ மூச்சு விடட்டும்," என்று அவர் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பஞ்சால இல்லங்கிறேன், கேக்க மாட்டேங்கிறாக," என்றார் முத்துலட்சுமி. "நான் பொறந்ததே பஞ்சுல. நாளெல்லாம் தோப்புல நெத்து உடைக்கிறப்ப நிக்கேன், ஒண்ணும் பண்ணல. இந்த வண்டியில ஏறி உத்தமபாளையம் தாண்டலை, நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி ஆயிருது. தோப்பு மேல ஆசையில பேசுறேன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாக."

"தோப்புல நெஞ்சுல ஏறுன தூசிதான் வண்டியில தெரியுது," என்றார் கணவர்.

"ஆமா, நோவு தோப்புல பஞ்சுக்குப் பயந்துக்கிட்டு, பின்னாடியே நடந்து வந்து வண்டியில ஏறிக்கிருதாக்கும்!"

வர்க்கீஸ் அதற்குள் காரில் ஏறி முத்துலட்சுமி அமரும் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். கதவுகள் சாத்தப்பட்டன. விசிறியின் ஒலி கூடிக்கொண்டே போனது. வழக்கத்தைவிட விரைவில் இறங்கினார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள இயலாது. ஆனால் இறங்கியவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

"கண்ணாடியை இறக்கி வச்சா எப்படி இருக்கும்மா?"

"லேசாயிரும் சார். ஆனா இவுக இறக்க விட மாட்டாக. வெளியில பஞ்சு பறக்குது, உனக்கு ஆகாதும்பாக. கண்ணாடியை ஏத்திட்டு ஏசியைக் கூட வச்சுருவாக."

வர்க்கீஸ் சுருளியை அழைத்தார். செய்முறையை அப்படியே தருகிறேன். வீட்டில் செய்பவருக்கும் இதுவே முறை. சாவியை எடுத்துவிட வேண்டும். விசிறி ஓடும்போது வடிகட்டியை இழுத்தால் அழுக்கெல்லாம் விசிறிக்குள் விழும். கால்மிதியின்மேல் செய்தித்தாள் விரிக்க வேண்டும். பெட்டியிலுள்ள காகிதங்களை எடுத்துவிட்டு, அதன் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்புகள் விடுபட்டுப் பெட்டி முழுதும் கீழே தொங்கும். பின்னால் நீளச் சதுர மூடி தெரியும். ஓரத்துக் கொக்கிகளை விரலால் நெம்பினால் மூடி வரும். உள்ளிருப்பதை வெடுக்கென்று இழுக்காமல் மட்டமாக, மெதுவாக உருவ வேண்டும்.

சுருளி மூடியைக் கழற்றி விரலை நுழைத்தான். நுழைத்த விரலை அங்கேயே நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். "சார், மெத்துன்னு இருக்கு."

அவன் மெதுவாக உருவியபோது வெளியே வந்தது ஒரு சிறு தலையணை. வெள்ளை மல் துணி. நான்கு ஓரமும் இரட்டைத் தையல். உள்ளே இலவம் பஞ்சு. விசிறியை நோக்கியிருந்த பக்கம் ஒரு மூலையில் தையல் விட்டு, துணி கிழிந்து, பஞ்சு பாதிக்குமேல் வெளியேறிப் போயிருந்தது. செய்தித்தாளின்மேல் அதை வைத்ததும் இழைகள் எழுந்து மிதக்கத் தொடங்கின. முத்துலட்சுமியைச் சற்று எட்டி நிற்கும்படி வர்க்கீஸ் கையசைத்தார்.

முதலில் பேசியவர் வேலுச்சாமி. அவர் குரலில் மறைப்பு ஏதும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அது நான் போட்டதுதான் சார். தை மாசம் உள்ள ஒரு வாடை வந்துச்சு. ஒங்க பட்டறைக்குப் போன் போட்டேன். உள்ள இருக்கிற பஞ்சு அடைச்சிருக்கும், டேஷ்போர்டுப் பெட்டியைக் கழட்டிப் பஞ்சை மாத்துங்க, வீட்டுலயே மாத்திக்கிறலாம்னாக. கழட்டிப் பாத்தா, கறுப்பா, சருகும் குருவி எறகுமா என்னமோ இருந்துச்சு. குப்பையில போட்டேன். பஞ்சுக்கு நாங்க எங்க சார் போகணும்? வெதை ஒண்ணு இல்லாமப் பொறுக்கி எடுத்து, நானே தச்சுப் போட்டேன்."

சுருளியின் முகம்தான் முதலில் மாறியது. எங்கள் பட்டறையில் வடிகட்டிக்கு வழங்கிய பெயர் ‘பஞ்சு’. பழைய மோட்டார் சைக்கிள்களில் காற்று வடிகட்டி நுரைப்பஞ்சால் ஆனது; அந்தப் பெயர் மடிப்புத் துணிக்கும் ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் பேசியவன் சுருளி. "அண்ணே… நான் பில்டரைச் சொன்னேண்ணே. பட்டறையில அதைப் பஞ்சுன்னுதான் சொல்லுவோம்," என்றான்.

"பஞ்சுன்னா பஞ்சுதானப்பா?" என்றார் வேலுச்சாமி. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. சொல்லப்போனால் அவர் சொன்னதில் இலக்கணப்படியோ வழக்குப்படியோ ஒரு பிழையும் கிடையாது. போடியிலும் கோம்பையிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அப்பொருள் மரத்தில் காய்க்கிறது.

பின்னாலிருந்து யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். வர்க்கீஸ் திரும்பிப் பார்த்தார்; சிரிப்பு நின்றது. பிறகு அவர் வேலுச்சாமியிடம் வடிகட்டி என்பது எது, காற்று எவ்வழியே வருகிறது, விசிறி எங்கே இருக்கிறது என்று, ஒரு நில வரைபடத்தை விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார். கேட்கக் கேட்க வேலுச்சாமியின் கை தோளுக்குப் போய் அந்த ஒற்றை இழையை எடுத்தது.

"அப்ப… வெளியில பறக்குதுன்னு கண்ணாடியை ஏத்திட்டு…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

முத்துலட்சுமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து அந்தத் தலையணையைக் குனிந்து பார்த்தார். தையலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "ரெட்டைத் தையலா? வீட்டுத் தலகாணி பிஞ்சு ஒரு வருசமாக் கெடக்கு. அதை ஒரு நாளு தொட்டீகளா? காருக்கு மட்டும் இம்புட்டு அழகாத் தைக்கத் தெரியுது!" என்றார். சொல்லிவிட்டு மூச்சுக்காகச் சிறிது நின்று, "அப்ப நான் சொன்னது பொய்யில்லதான?" என்று வர்க்கீஸைக் கேட்டார்.

அந்த இடத்தில் வேறொருவர் ஆம் என்றிருப்பார். வர்க்கீஸ் சொன்னது இது: "வண்டியில பஞ்சு இருந்தது. அது தீர்ச்ச. உங்க நெஞ்சுக்கு அதுதான் காரணமா? அது எனக்குத் தெரியாதும்மா. டாக்டர் சொல்லணும். இந்தத் தலகாணியை ஒரு கவர்ல கட்டித் தர்றேன். திரும்பப் போய் அவருக்குக் காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். எதுல இருந்து எடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வண்டியை விட முடியாது. சுருளி தரையில் மல்லாந்து படுத்துத் திருகுகளை விடுவித்து அதை இறக்கினான். கூண்டு போன்ற அதன் சக்கரத்தில் பஞ்சு நூலாகத் திரிந்து சுற்றியிருந்தது. தூரிகையால் எடுத்து, அழுத்தக் காற்றால் ஊதி, குழாய்களையும் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நெடுநேரம் விசிறியை ஓடவிட்டோம். மதுரையிலிருந்து வடிகட்டி வரும்வரை அவ்விடத்தை வெறுமையாகவே விட்டு மூடியை மட்டும் போடச் சொன்னார் வர்க்கீஸ்.

அதற்குள் கணவனும் மனைவியும் ஆட்டோவில் மருத்துவரிடம் போய்த் திரும்பியிருந்தார்கள். மருத்துவர் தலையணையைப் பார்த்துவிட்டு, மருந்தைத் தொடரச் சொன்னார். தோப்பைப் பற்றி அவசரப்பட வேண்டாம், சில வாரம் கழித்து வாருங்கள் என்றார். இது வேலுச்சாமி எங்களிடம் சொன்னது.

வண்டி ஆயத்தமானதும் முத்துலட்சுமி, "நான் ஏறிப் பாக்குறேன்," என்றார். வர்க்கீஸ் தயங்கினார். ஒரு முறை நன்றாக இருந்தால் அது எதையும் மெய்ப்பிக்காது என்றார். "ஒங்களுக்கு ஆயிரம் தடவை வேணும் சார். எனக்கு ஒரு தடவை போதும்," என்று சொல்லிவிட்டு அவர் ஏறி அமர்ந்தார். கண்ணாடிகளை ஏற்றியபடி, பக்கத்திலுள்ள வீரபாண்டி வரை வர்க்கீஸ் ஓட்டினார். பின்னிருக்கையில் நானும் வேலுச்சாமியும். வேலுச்சாமி மனைவியின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் முத்துலட்சுமி, சாலையோரத்து நுங்குக் கடையைக் காட்டி, "இங்கன நிறுத்துங்க சார். வாயி கசக்குது," என்றார். மூச்சு விடாமல் ஒரே தொடராகச் சொன்னார். அதை முதலில் உணர்ந்தவர் கணவர்தான். நிறுத்துவதற்குள் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துவிட்டார்.

தரகரிடம் அவர் பேசியது முழுதும் எங்கள் காதில் விழுந்தது. "மாப்ளே, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிரு… இல்ல, வெலையில ஒண்ணும் இல்ல… தோப்புக்காரவுகளுக்கு மனசு இல்லயாம். யாரா? நானில்லப்பா. தோப்பு எனக்கா சொந்தம்?" முத்துலட்சுமி அதைக் கேளாதவர்போல நுங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் வர்க்கீஸ் ஓர் ஆணையிட்டார்: பட்டறையில் இனி அப்பொருளைப் பஞ்சு என்று யாரும் சொல்லக் கூடாது. சுருளி உடனே, "ஏலே, வீட்டுக்காரரை எடுத்துட்டு வாலே!" என்று கூவினான். கணவன் பெயரை உச்சரிக்காத பெண்கள் அப்படித்தானே சொல்வார்கள்? அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை எங்கள் பட்டறையில் அழுக்கான வீட்டுக்காரர்கள் கழற்றப்பட்டு, புதிய வீட்டுக்காரர்கள் பொருத்தப்பட்டார்கள். வர்க்கீஸ் தடுக்கவில்லை. அந்தப் பெயரை நம்பி எவரும் தவறான பொருளை உள்ளே வைத்துவிட முடியாது என்றார்.

வீட்டில் மாற்றிக்கொள்பவர்களுக்கென ஒரு குறிப்பு எழுதும்படியும் என்னிடம் சொன்னார். புதிய வடிகட்டி வந்ததும் வேலுச்சாமி, தாமே பொருத்துவேன் என்று வந்தார். நான் குறிப்பைப் படிக்க, அவர் செய்தார். "அம்புக்குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும்" என்று படித்தபோது அவர் கை நின்றது.

"கீழன்னா? எங்கூருல கீழத்தெருன்னா கெழக்குத் தெரு. அந்தக் கீழயா? அப்ப வண்டியைத் திருப்பி நிறுத்தணுமா?"

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். பாதி கேலிதான். மீதிப் பாதி, ஒரு முறை சொல்லை நம்பிக் கெட்டவரின் எச்சரிக்கை. நான் பேனாவை எடுத்து, "அம்புக்குறி தரையைப் பார்த்து இருக்க வேண்டும்" என்று திருத்தினேன். என் வாழ்நாளில் நான் செய்த பிழைதிருத்தங்களில் வாசகர் எதிரிலேயே நிகழ்ந்தது அது ஒன்றுதான்.

நான் விடைபெறும்வரை அத்தோப்பு விற்கப்படவில்லை. முத்துலட்சுமிக்குத் தேவலை என்று வேலுச்சாமி பின்னொரு முறை வந்தபோது சொன்னார். இவை உறுதி.

தெரியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். தை மாதம் வந்த முதல் வாடை எதனால் வந்தது என்பது தெரியாது. அந்தப் பழைய வடிகட்டியை நாங்கள் பார்க்கவில்லை. முத்துலட்சுமிக்குத் தேவலையானது தலையணையை எடுத்ததாலா, மருந்தாலா, அதற்குள் நெற்று உடைக்கும் காலம் முடிந்துபோனதாலா என்பதும் தெரியாது. வர்க்கீஸிடம் இதைப் படித்துக் காட்டியபோது இந்த இடத்தில் மட்டும் ஆமோதித்துத் தலையசைத்தார். அடுத்த பங்குனிக்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மறுபடி நெற்று வெடித்தபோது முத்துலட்சுமி தம் தோப்பில் எப்படி மூச்சு விட்டார் என்பது எனக்குத் தெரியாது.